போன் வாசிக்கும், நான் கேட்பேன்: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் விரலால் எழுதவில்லை. வாயால் சொன்னேன், போன் எழுதியது, முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் தங்கச்சி போட்டுத் தந்தாள். சில வசனம் நீளமாகப் போகும். நான் மூச்சு விடும் இடத்தில்தான் என் வசனம் முடியும், அதை வெட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வயது 38. திருகோணமலையில், கன்னியா வீதிப் பக்கம் வீட்டிலிருந்து இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல் செய்து ஓடருக்குக் கொடுக்கிறேன். எனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது. கற்றல் இடர்பாடு என்று சொல்வார்களே, அதில் வாசிப்பையும் எழுத்தையும் பிடிக்கிற வகை. பாடசாலையில் இந்தப் பெயர் எல்லாம் யாருக்கும் தெரியாது, எனக்கு அங்கே இருந்த பெயர் மொக்கு.

இந்த எட்டு மாதமாக ஆண்ட்ராய்ட் போனில் இருக்கும் மூன்று வசதியை நம்பித்தான் என் கடதாசி வேலை முழுவதையும் செய்கிறேன். திரையில் இருப்பதைத் தொட்டால் சத்தமாக வாசிக்கும் செலக்ட் டு ஸ்பீக், கடதாசியைக் கமராவால் பிடித்து அதில் இருக்கும் எழுத்தை வாசிக்க வைப்பது, குரலால் தட்டச்சு செய்வது. மூன்றுக்கும் தனியாகக் காசு இல்லை. என் போன் இரண்டு வருடத்துக்கு முன் 28,000 ரூபாவுக்கு வாங்கிய பழைய போன், அதிலேயே இவை கிடந்திருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை. கண் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்து அந்தப் பகுதியைத் திறந்தே பார்க்கவில்லை. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் திருகோணமலையில் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், மகனால். அவனுக்கு 9 வயது. கதை சொல்லச் சொன்னால் அரை மணித்தியாலம் சொல்வான், சொல்வதெழுதலில் 20க்கு 3 வரும். ஒரு கிளினிக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே அவனை நிறைய நேரம் வைத்துப் பார்த்த பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்கும் வாசிக்கக் கஷ்டம் இருந்ததா என்று கேட்டார்கள். என் கணவர் உடனே இல்லை என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன், பிறகு எனக்கு என்றேன். கலியாணம் செய்து 12 வருடம், இவருக்குத் தெரியாது. எந்தக் கடதாசியை நீட்டினாலும் கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன், நீங்களே வாசியுங்கள் என்பேன், அவரும் வாசிப்பார். அந்தக் கண்ணாடியும் பெரிய பவர் இல்லாதது. எழுத்து ஆடுகிறதே, கண்ணில்தான் பிழை என்று நினைத்து 20 வயதில் வாங்கியது.

கண்ணில் பிழை இல்லை. டிஸ்லெக்ஸியா என்ற பெயரை 1880களில் வைத்தவர் ருடோல்ஃப் பேர்லின் என்ற ஜேர்மன் கண் மருத்துவர்தான், அந்தக் காலத்தில் கண் மருத்துவர்களும் இதைக் கவனித்தார்கள், ஆனால் பிறகு வந்த ஆராய்ச்சி பெரும்பாலும் காட்டுவது, சொல்லில் இருக்கும் ஓசைகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் மூளைக்கு வரும் சிரமம்தான் இதற்கு முக்கியமான காரணம் என்று. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தில் தொடர்ந்து வரலாம். வளர்ந்தால் போய்விடாது, பழகிக்கொள்ளலாம், சுற்றி வழி கண்டுபிடிக்கலாம். கலர் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

சரி, போனுக்கு வருகிறேன்.

செற்றிங்ஸில் அக்சசிபிலிட்டி என்று ஒரு பகுதி இருக்கும், அதற்குள்ளே செலக்ட் டு ஸ்பீக். அதைப் போட்டால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டன் வரும் (சில போனில் வேறு இடத்தில் வரும், யாராவது பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தரும்). பட்டனைத் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டினால் அது வாசிக்கும், வாசிக்கும்போதே எந்தச் சொல்லில் நிற்கிறது என்று நிறம் மாறிக் காட்டும். இந்த நிறம் மாறுவதுதான் எனக்குப் பெரிய விஷயம். காதும் கண்ணும் ஒரே சொல்லில் நிற்கும்போது எனக்கு அந்தச் சொல் பிடிபடுகிறது. தமிழ்க் குரலை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் டேட்டா இல்லாமலும் வாசிக்கும். வேகத்தைக் குறையுங்கள், வந்தபடியே விட்டால் எனக்கு ஓடுகிறது போல இருந்தது. முதல் இரண்டு கிழமை மிக மெதுவாக வைத்தேன், இப்போது சாதாரண வேகத்துக்கு வந்துவிட்டேன்.

குரல் இந்தியத் தமிழ்க் குரல். ஒரு பொம்பிளை செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், எல்லாவற்றையும் ஒரே தொனியில் வாசிக்கும், சாவுச் செய்தியும் சம்பல் விலையும் அதற்கு ஒன்றுதான். இரண்டு நாளில் பழகிவிடும். பழகாத ஆட்களும் இருப்பார்கள், என் மாமிக்கு அந்தக் குரல் பிடிக்கவே இல்லை.

இது ஏன் எனக்குத் தேவை என்பதை வாசிக்கக் கஷ்டமில்லாதவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் சிரமம். நான் வாசிக்கவே தெரியாதவள் இல்லை. எழுத்து எல்லாம் தெரியும், கூட்டி வாசித்தால் வரும். தமிழில் எழுத்தை ஒழுங்காகக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும்தானே, ஆங்கிலம் மாதிரி ஒன்றை எழுதி வேறொன்றை வாசிக்கத் தேவையில்லை. இப்படியான மொழிகளில் டிஸ்லெக்ஸியா பிழையாக வெளியே தெரிவதைவிட மெதுவாகத்தான் தெரியும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் என்னை ஒருவரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அதுதான். ரீச்சர் வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன், பிழை குறைவு, ஆனால் மற்றவர்கள் பக்கம் முடிக்கும்போது நான் மூன்றாவது வரியில் நிற்பேன். சோம்பேறி என்று எழுதிவிட்டார்கள்.

தமிழ் எழுத்துக்கு என்று சில சிக்கல் இருக்கிறது. கொ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க், எழுத்தில் முதலில் நிற்பது கொம்பு. கண் கொம்பைப் பார்த்து, அடுத்ததைப் பார்த்து, பிறகு அதற்குப் பின்னால் அரவு, அதாவது துணைக்கால், இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வந்து சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இது நடப்பதே தெரியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும். அரவும் ரகரமும் அவசரத்தில் ஒன்றாகத் தெரியும். ஔகாரத்துக்குப் போடுகிற கடைசி உருவமும் ளகரமும் ஒரே உருவம். குற்று, அதாவது எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, இருக்கிறதா இல்லையா என்பது அச்சு மங்கினால் தெரியாது. ஆய்த எழுத்தோடு 247 எழுத்து, உயிர்மெய் மட்டும் 216. இது தமிழில் இருக்கும் குறை இல்லை, எனக்கு என் மொழி பிடிக்கும், என் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற பாலம் ஒடுக்கம், அவ்வளவுதான். சிங்களம் நான் சந்தையில் கேட்டே பழகினேன், நல்லாகக் கதைப்பேன், எழுத்து ஒன்றும் தெரியாது.

ஆக, மெதுவாக வாசிக்கிற ஆள் என்ன செய்வார்? ஊகிப்பார். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மிச்சத்தை மனம் நிரப்பிவிடும். போன வருடம் ஒரு வீட்டில் அந்திரட்டிக்கு ஓடர் வந்தது, வட்ஸ்அப்பில், நாளை மறுதினம் காலை 200 இடியப்பம் என்று. நான் நாளை என்பதைப் பார்த்தேன், காலையைப் பார்த்தேன், 200ஐப் பார்த்தேன். விடிய இரண்டு மணிக்கு எழும்பி மாவைக் குழைத்து, அவித்து, சொதி வைத்து, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் அந்த வீட்டில் ஒருவரும் எழும்பவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை, பிள்ளை நாளைக்குத்தானே என்றார். 200 இடியப்பத்தையும் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் திரும்ப அவித்தேன். காசு போனதைவிட, ஏன் இப்படி நடந்தது என்று இவர் கேட்டபோது மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கு மறதி இல்லை. 40 வீட்டுக்கு யார் உறைப்புக் குறைவு, யாருக்குச் சிவப்பு மா, யார் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம் எல்லாம் மனப்பாடம்.

இப்போது ஒவ்வொரு ஓடரையும் தொட்டுக் கேட்கிறேன். கை மாவாக இருந்தாலும் முழங்கையால் தட்டுவேன். எட்டு மாதத்தில் நாள் பிழைத்தது ஒரு தடவையும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் இது உதவாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புகிறார்கள் அல்லவா, அதைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. ஆங்கிலம் என்று நினைத்து வாசிக்கும், இடியப்பம் என்பது ஏதோ வெளிநாட்டு ஆளின் பெயர் மாதிரி வரும். இளம் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அதற்கு ஒரு வழிதான் உண்டு, சொல்லிவிடுவது. எனக்கு வாசிக்கக் கஷ்டம், வொய்ஸ் மெசேஜ் போடுங்கோ என்று எல்லாருக்கும் ஒரு தடவை அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் ஒரு கிழமை யோசித்தேன். ஓடர் குறையும் என்று பயந்தேன், குறையவில்லை. இரண்டு பேர் தனியாக அழைத்து எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் இப்படி, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஒருவர் மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துகிற ஆள், 50 வயது. எஞ்சினைக் காதால் கேட்டே பிழை சொல்வாராம், மனைவி ஊரில் இல்லாவிட்டால் பில் எழுதமாட்டாராம்.

கமராவால் வாசிப்பது அடுத்தது. அச்சடித்த கடதாசியை மேசையில் நேராக வைத்து, பகல் வெளிச்சத்தில் பிடித்தால் நன்றாக வாசிக்கிறது. மகனின் பாடப்புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் மடித்த தாள், தண்ணீர் பில், கல்யாணக் கார்ட் (மிகவும் வளைந்த அலங்கார எழுத்து இல்லாவிட்டால்) எல்லாம் சரி. சிங்களத்தில் மட்டும் இருக்கும் அறிவித்தலைப் பிடித்துத் தமிழுக்கு மாற்றியும் கேட்கலாம். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் என்ன விஷயம் என்று விளங்கும். திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பது ஒரு கடன் கடதாசிக்காக. ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் ஐந்து பொம்பிளைகள் சேர்ந்து ஒரு குழுக் கடன் எடுத்தோம், எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தோம். எட்டுப் பக்கம், சின்ன எழுத்து. கடன் கொடுக்க வந்த பொடியன் அவசரப்படுத்தினான், மற்ற நாலு பேரும் ஓரளவு வாசித்த மாதிரித் தலையாட்டினார்கள், நானும் தலையாட்டினேன். பிறகு அதில் ஒருத்தி கட்ட ஏலாமல் போனபோதுதான் அவளுடைய தவணைக்கும் நான் பொறுப்பு என்று தெரிந்தது. அது கடதாசியில் தெளிவாக இருந்ததாம். ஒன்றரை வருடம் கிழமைக்குக் கிழமை கட்டினேன். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

இந்த வருடம் பெரிய அடுப்பும் இடியப்ப மெஷினும் வாங்க வேறொரு இடத்தில் கடன் கேட்டேன். படிவத்தைத் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நாளைக்குத் தருகிறேன் என்றேன். இது நான் வாழ்க்கையில் முதல் தடவை சொன்ன வசனம். இரவு எல்லாரும் படுத்த பிறகு குசினியில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து இயர்போனில் கேட்டேன். 11 பக்கம், ஒன்றே கால் மணித்தியாலம் போனது, விளங்காத இடத்தை மூன்று நாலு தடவை கேட்டேன். பிந்தினால் எவ்வளவு தண்டம், முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன, பிணையாளி எதற்கெல்லாம் பொறுப்பு. அடுத்த நாள் போய் இரண்டு கேள்வி கேட்டேன். அங்கே இருந்தவர் பக்கத்தைத் திருப்பித் தேடிப் பார்த்துத்தான் பதில் சொன்னார். வேறொருவர் துணையாக வராமல், யாருடைய முகத்தையும் பார்த்து ஊகிக்காமல், எனக்கு வந்த கடதாசியை நானே தெரிந்துகொண்டு கையெழுத்து வைத்தேன். இதை அனுபவிக்காதவர்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு அந்த இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

இனி ஒரு எரிச்சலான விஷயம். வட்ஸ்அப்பில் வரும் எல்லாத் தமிழ்க் கடிதமும் வாசிக்கும் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அது பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. அம்மா என்று கண்ணுக்குத் தெரியும், அந்தச் சொல்லைப் பிரதி எடுத்து ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும், போனும் அதைத்தான் வாசிக்கும். எனக்கு முதலில் போன் பழுதாகிவிட்டது என்று பயம் வந்தது. தங்கச்சிதான் விளக்கினாள். பழைய காலத்தில் தமிழ் உருவங்களை ஆங்கில விசைகளின் மேல் ஏற்றிச் செய்த எழுத்துரு அது. தமிழைத் தமிழாகவே போனுக்கு விளங்க வைக்கும் யூனிகோட் முறை வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, அலுவலகம், சங்கம், பாடசாலை எங்கே கடிதம் அடித்தாலும் தயவுசெய்து யூனிகோட்டில் அடியுங்கள். உங்களுக்கு ஒரு நிமிட வேலை. கண் தெரியாதவருக்கும் எனக்கும் அது திறந்த கதவா பூட்டிய கதவா என்பது. அதுவரைக்கும் ஒரு குறுக்கு வழி: அந்தக் கடிதத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, படமாகக் கமரா வழியாக வாசிக்க வையுங்கள். படத்தில் உருவம் தமிழ்தானே, பிடித்துவிடும்.

குரல் தட்டச்சு மூன்றாவது. விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தட்டிக் கதைத்தால் எழுதும். மொழிப் பட்டியலில் தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை என்று தனித்தனியாக இருக்கிறது, இலங்கையைப் போடுங்கள். இதற்கு டேட்டா இருந்தால் நல்லது. நான் வீட்டில் கதைக்கிற மாதிரிச் செய்யேலாது என்றால் தடுமாறும், செய்ய முடியாது என்றால் உடனே எழுதும். ஆகவே கொஞ்சம் புத்தகத் தமிழில் கதைக்கப் பழகினேன். காலையில் அடுப்புச் சத்தமும் காகமும் கோவில் லவுட்ஸ்பீக்கரும் சேர்ந்தால் வேலைக்கு ஆகாது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். எழுதியதை அனுப்புவதற்கு முன் அதையே வாசிக்க வைத்துக் கேளுங்கள். ல, ள, ழ மூன்றும் எனக்கு எழுதும்போது ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை, வாயால் சொன்னால் போன் சரியாகப் போடுகிறது. பாடசாலையில் உறுப்பெழுத்துக் கொப்பிக்காகவும் சொல்வதெழுதலுக்காகவும் வாங்கிய அடியை நினைக்கும்போது, சரியான ழகரத்தோடு என் வசனம் திரையில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு வாசிக்கும் பேனையும் அனுப்பியிருந்தாள், வரியின் மேலே இழுத்தால் வாசிக்கும். விலை கூடியது. ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறது, தமிழ் அதில் இல்லை. ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு உதவும், எனக்கு இல்லை. வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி அனுப்பக் கேட்டால், தமிழ் வாசிக்குமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியாவுக்கென்று செய்த எழுத்துருக்களும் இருக்கின்றன, அவையும் ஆங்கிலத்தை நினைத்துச் செய்தவை, அந்த எழுத்துருவால்தான் உதவி வருகிறது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் பலமாக இல்லை. எழுத்தைப் பெரிதாக்குவதும், வரிக்கு வரி இடைவெளி விடுவதும் எனக்குப் போதும். செற்றிங்ஸில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

போன் வாசிக்கப் பழகினால் பிள்ளை வாசிக்கப் பழகாது என்று ஒரு ரீச்சர் சொன்னார். மகனைப் பற்றிச் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவனுக்கு எழுத்தும் ஓசையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சி தனியாக நடக்கிறது, அது நடக்கத்தான் வேண்டும், ஆனால் அது முடியும் வரைக்கும் சுற்றாடல் பாடமும் சமய பாடமும் அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமா? நொண்டுகிற காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஊன்றுகோல் கொடுப்பதில்லையா? 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு வரும், விளையாட்டு வரும், ஆனால் தன்னுடைய பெயரைக்கூட எழுத்து மாற்றி எழுதினானாம். பாடம் எல்லாம் வாய்மொழியாக இருந்தால் பாடசாலையிலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுக்குப் படிப்பித்தவர் சொல்லியிருக்கிறார். இதை நான் கிண்ணியா பஸ்ஸில் இயர்போன் போட்டுக் கேட்டேன், நான் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை முழுதாக முடித்த முதல் கட்டுரை அது. பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டேன்.

டிஸ்லெக்ஸியா இருப்பவர்கள் எல்லாரும் மேதைகள் என்று அடிக்கடி ஃபோர்வேர்ட் வரும். நல்ல மனதோடு அனுப்புகிறார்கள், ஆனால் நான் மேதை இல்லை, மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்றும் இல்லை. இடியப்பம் நல்லாக அவிக்கிறேன், கணக்கு மனதில் போடுவேன், படிவம் நிரப்ப எனக்கு மூன்று மடங்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தந்தால் போதும். கவுன்ரரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒருவர் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் கொடுங்கள்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரியது. கையால் எழுதியதைக் கமராவால் பிடித்தால் வாசிக்காது. அச்செழுத்தை மாதிரித் தனித்தனியாக எழுதினால் அங்கே இங்கே சில சொல்லைப் பிடிக்கும், சேர்த்து எழுதினால் ஒன்றும் இல்லை. அப்பா கட்டாரில் வேலை செய்தபோது எழுதிய கடிதங்கள் பால்மா ரின் ஒன்றுக்குள் என்னிடம் இருக்கின்றன, 23 கடிதம். அம்மாவுக்கு வந்தவை வேறு, இவை என் பெயருக்கு வந்தவை. அந்த நாளில் அம்மா வாசித்துக் காட்டுவார், சில இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார், அது எனக்குத் தெரியும், என்ன விட்டார் என்று தெரியாது. அப்பா இப்போது இல்லை. இந்த வசதி வந்த முதல் கிழமையே அந்த ரின்னைத் திறந்து ஒரு கடிதத்தைக் கமராவுக்கு முன்னால் வைத்தேன். திகதியை வாசித்தது. பிறகு உடைந்த எழுத்தாக ஏதேதோ வந்தது. தங்கச்சியிடம் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் எல்லாவற்றையும் வாசித்துவிடுவாள், கேட்டும் பார்த்தாள், வேண்டாம் என்றேன்.

இரவில் குசினி வேலை முடிந்த பிறகு நானே வாசிக்கிறேன். படம் எடுத்துப் பெரிதாக்கி, ஒரு நாளைக்கு நாலு வரி, ஐந்து வரி. அப்பாவின் கொம்பு எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், குற்றை மறந்துவிடுவார், அது இப்போது பழகிவிட்டது. ஆறு மாதத்தில் இரண்டு கடிதம் முடிந்தது, மூன்றாவதில் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன்.